பின் நம்பரை இனி யாரிடமும் சொல்ல வேண்டாம்: பார்வை மாற்றுத்திறனாளிகளுக்காக உங்கள் போனிலேயே இருக்கும் வசதிகள் என்னென்ன?

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு வரும். அங்கிருந்து காபித் தோட்டங்களைத் தாண்டி இன்னும் உள்ளே போனால் செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு கிராமத்தில், கண் பார்வை இல்லாத ஒருவரின் போனுக்கு 'டிங்' என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மாத உதவித்தொகை வங்கிக் கணக்கில் ஏறிய தகவலா? ஓடிபி-யா? இல்லை, மோசடிக் கும்பல் அனுப்பிய லிங்க்கா? தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பக்கத்து வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும் வரை காத்திருக்க வேண்டும். அவன் வந்ததும் போனைக் கொடுக்க வேண்டும், லாக்கைச் சொல்ல வேண்டும். பணம் எடுக்கும் நாளில் ஏடிஎம் பின் நம்பரையும் யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

உதவி செய்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும், கணக்கில் எவ்வளவு இருக்கிறது, யார் என்ன மெசேஜ் அனுப்பினார்கள், டாக்டர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பதெல்லாம் இன்னொருவருக்குத் தெரிந்த பிறகுதான் அவருக்கே தெரிய வருகிறது.

இத்தனைக்கும், அந்தச் செய்தியைத் தமிழில் படித்துச் சொல்லும் வசதி அவர் சட்டைப் பையில் இருக்கும் அதே போனில் இருக்கிறது. தனியாகக் காசு கட்ட வேண்டியதில்லை. அதை யாரும் ஆன் செய்து தரவில்லை, அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 1.27 லட்சம் பேர். அவர்களுக்கும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் பயன்படும் வகையில், போனில் என்னென்ன வசதிகள் இருக்கின்றன, அதில் எது நெட் இல்லாமலும் வேலை செய்யும், எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று பார்க்கலாம்.

பட்டனே இல்லாத போனைப் பார்க்காமல் எப்படி இயக்குவது?

பலருக்கும் வரும் முதல் சந்தேகம் இதுதான். பழைய பட்டன் போனில் 5-ம் எண் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதைத் தடவிப் பார்த்தே மற்ற எண்களைக் கண்டுபிடித்துவிடலாம். டச் போனில் எல்லாமே வழுவழு கண்ணாடி.

இதற்கான பதில்தான் 'ஸ்கிரீன் ரீடர்'. தமிழில் திரை வாசிப்பான். திரையில் விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறதோ அதைப் போன் குரலில் சொல்லும். வாட்ஸ்அப் மேல் விரல் பட்டால் "வாட்ஸ்அப்" என்று சொல்லும், ஆனால் திறக்காது. திறக்க வேண்டும் என்றால் இரண்டு முறை தட்ட வேண்டும். தவறுதலாக எதையும் அழுத்திவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஐபோனில் இருக்கும் ஸ்கிரீன் ரீடரின் பெயர் வாய்ஸ்ஓவர். 2009-ல் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் மாடலில் இது முதலில் வந்தது. அதே ஆண்டு ஆண்ட்ராய்டு போன்களுக்கு டாக்பேக் வந்தது.

ஆண்ட்ராய்டு போனைப் பார்க்காமலே இயக்குவதற்கான ஆரம்பகால வேலைகளில் முக்கியப் பங்கு டி.வி.ராமனுடையது. புனேவில் பிறந்து, 14 வயதில் கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர் அவர். மும்பை ஐஐடி-யில் படித்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 2005-ல் கூகுளில் சேர்ந்தார். தனக்கு என்ன தேவை என்று தெரிந்த ஒருவரே உட்கார்ந்து உருவாக்கியதன் பலனை இன்று ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எல்லோரும் பெறுகிறார்கள்.

டாக்பேக்கை ஆன் செய்வது எப்படி?

செட்டிங்ஸ் போய் ஆக்சஸிபிலிட்டி என்ற பகுதியைத் திறக்க வேண்டும். போன் தமிழில் இருந்தால் 'அணுகல்தன்மை' அல்லது 'மாற்றுத்திறன் வசதி' என்ற பெயரில் இருக்கும். அதற்குள் டாக்பேக் இருக்கும். பெரும்பாலான போன்களில் வால்யூம் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து 3 நொடி அழுத்திப் பிடித்தாலும் டாக்பேக் ஆன் ஆகும். அதே மாதிரி அழுத்தினால் ஆஃப் ஆகும்.

"போன் திடீர்னு பேச ஆரம்பிச்சிடுச்சு, எதைத் தொட்டாலும் திறக்க மாட்டேங்குது" என்று பதறிப்போய் சர்வீஸ் கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. பெரும்பாலும் இந்த இரண்டு பட்டன்களும் பாக்கெட்டில் சேர்ந்து அழுந்தியதுதான் காரணம். போன் கெட்டுப்போகவில்லை.

ஆன் செய்ததும் முதலில் பழக வேண்டியவை:

• ஒரு விரலைத் திரையில் மெதுவாக நகர்த்தினால், விரலுக்குக் கீழே இருப்பதைச் சொல்லும்.
• ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்தது, இடப்பக்கம் தள்ளினால் முந்தையது.
• தேவையானது காதில் விழுந்ததும், திரையில் எங்கு வேண்டுமானாலும் இரண்டு முறை தட்டினால் அது திறக்கும்.
• பக்கத்தை மேலே கீழே நகர்த்த இரண்டு விரல்கள்.
• பேச்சை நிறுத்த, இரண்டு விரல்களால் ஒரு தட்டு.
• புதிய போன்களில் மூன்று விரல்களால் தட்டினால் டாக்பேக் மெனு வரும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, வாய்ஸ்ஓவர் என்ற வரிசையில் போக வேண்டும். ஆக்சஸிபிலிட்டி ஷார்ட்கட்டில் வாய்ஸ்ஓவரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டால், பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்தினாலே போதும்.

முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஒரு நம்பரை டயல் செய்யவே நேரம் பிடிக்கும். "இது நமக்கு ஒத்துவராது" என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். பழகியவர்களோ மற்றவர்களுக்கு வார்த்தையே புரியாத வேகத்தில் குரலை வைத்துக் கேட்கிறார்கள். வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதே செட்டிங்ஸில் இருக்கிறது. ஆரம்பத்தில் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் பேசுமா?

பேசும். ஆனால் பல போன்களில் தமிழ்க் குரலை நாம்தான் இறக்கிக்கொள்ள வேண்டும். டாக்பேக்கை ஆன் செய்துவிட்டு, ஆங்கிலம் மட்டும் பேசுகிறதே என்று ஒதுக்கி வைத்தவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

ஆண்ட்ராய்டில் ஆக்சஸிபிலிட்டி பகுதிக்குள் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' என்று ஒன்று இருக்கும். அதில் கூகுள் எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரக் குறியைத் தொட்டு, 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா' என்பதில் தமிழைத் தேர்ந்தெடுத்து டவுன்லோடு செய்ய வேண்டும். ஐபோனில் 2022-ல் வந்த ஐஓஎஸ் 16 முதல் தமிழ்க் குரல் இருக்கிறது.

இந்தக் குரல் ஒருமுறை போனுக்குள் வந்துவிட்டால், பிறகு நெட் வேண்டாம். மலைக் கிராமங்களில் இது பெரிய விஷயம். ஒரு வளைவில் நாலு கோடு காட்டும் சிக்னல் அடுத்த வளைவில் காணாமல் போவது சேர்வராயன் மலையில் புதிதல்ல. அதனால் சேலத்திலோ ஏற்காடு டவுனிலோ நல்ல நெட் கிடைக்கும்போதே இந்த டவுன்லோடுகளை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்புவது புத்திசாலித்தனம்.

தமிழ்க் குரலுக்கான ஆராய்ச்சி தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. சென்னை ஐஐடி-யில் பேராசிரியர் ஹேமா ஏ.மூர்த்தி தலைமையிலான குழு, பிற கல்வி நிறுவனங்களுடன் சேர்ந்து, இந்திய மொழிகளில் எழுத்தைப் பேச்சாக மாற்றும் மென்பொருள்களை உருவாக்கியது. தமிழுக்கான பணியில் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரியும் பங்கெடுத்தது.

எழுதுவதற்கு? கீபோர்டில் உள்ள மைக்கை அழுத்திப் பேசினால் போதும். கூகுளின் குரல் தேடலில் 2017-ல் தமிழ் சேர்க்கப்பட்டது. ஆனால் இதற்கு பெரும்பாலும் நெட் தேவை. பேசியது சரியாகப் பதிவானதா என்று டாக்பேக்கை வைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

கொஞ்சம் பார்வை இருப்பவர்களுக்கு?

பார்வைக் குறைபாடு என்றாலே முழு இருட்டு என்று அர்த்தம் கிடையாது. வெளிச்சம் தெரியும், பெரிய எழுத்து தெரியும், மாலையில் மட்டும் தெரியாது என்று பல நிலைகள் இருக்கின்றன. இவர்களுக்கு டாக்பேக் தேவைப்படாமலே போகலாம். இதே ஆக்சஸிபிலிட்டி பகுதியில் இவையும் உண்டு:

• எழுத்தின் அளவைக் கூட்டுவது, தடிமனாக்குவது.
• மேக்னிஃபிகேஷன்: திரையின் ஒரு பகுதியை மட்டும் பூதக்கண்ணாடி மாதிரி பெரிதாக்குவது.
• நிறங்களைத் தலைகீழாக்குவது: வெள்ளைத் திரை கருப்பாகி, எழுத்து வெள்ளையாகும். கண் கூசுபவர்களுக்கு உதவும்.
• செலக்ட் டு ஸ்பீக்: மற்ற நேரத்தில் போன் சாதாரணமாக இருக்கும். தொட்டுக் காட்டும் பகுதியை மட்டும் படித்துச் சொல்லும்.
• ஐபோனில் 'மேக்னிஃபையர்' என்ற செயலி: கேமராவையே பூதக்கண்ணாடியாக்கும். மாத்திரை அட்டையில் உள்ள பொடி எழுத்தைப் படிக்கலாம்.

வயதானவர்களுக்குப் பார்வை மங்கினால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவர்தான். கண்புரை என்றால் அறுவை சிகிச்சையில் சரியாகிவிட வாய்ப்பு அதிகம். சரிசெய்யக்கூடிய கண்ணுக்கு போன் செட்டிங்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடக் கூடாது.

கையில் இருப்பது 200 ரூபாயா, 500 ரூபாயா?

முன்பெல்லாம் நோட்டின் நீளத்தை விரலால் அளந்தே எத்தனை ரூபாய் என்று சொல்லிவிடுவார்கள். பழைய 100 ரூபாய் நோட்டு 157 மில்லிமீட்டர் நீளம், பழைய 500 ரூபாய் 167 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் வித்தியாசம் விரலுக்குத் தெரிந்தது.

2016-க்குப் பிறகு வந்த நோட்டுகளில் 100 ரூபாய் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. ஒவ்வொன்றுக்கும் இடையில் வெறும் 4 மில்லிமீட்டர்தான். அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66 மில்லிமீட்டர். தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஓரத்தில் மேடான கோடுகள் உண்டு. 100 ரூபாயில் 4 கோடுகள், 500 ரூபாயில் 5 கோடுகள், 200 ரூபாயில் 4 கோடுகளும் நடுவில் 2 வட்டங்களும் இருக்கும். ஆனால் கை மாறி மாறி நைந்துபோன நோட்டில் அந்த மேடு தேய்ந்துவிடுகிறது. மளிகைக் கடையிலோ பஸ்ஸிலோ மீதிச் சில்லறை வாங்கும்போது இது நேரடியாகப் பண இழப்பு.

இந்தச் சிக்கலுக்காக ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1-ம் தேதி 'மணி' என்ற இலவசச் செயலியை வெளியிட்டது. கேமராவுக்கு நேராக நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும். நோட்டின் முன்பக்கம், பின்பக்கம், பாதியாக மடித்தது, எப்படிக் காட்டினாலும் அடையாளம் காணும்படி வடிவமைத்திருக்கிறார்கள். இன்ஸ்டால் செய்த பிறகு நெட் தேவையில்லை. தொடக்கத்தில் இந்தி, ஆங்கிலம் மட்டும் இருந்தது, பின்னர் மற்ற இந்திய மொழிகளும் சேர்க்கப்பட்டன.

ஒரு எச்சரிக்கை: நல்ல நோட்டா, கள்ள நோட்டா என்று இந்தச் செயலி சொல்லாது. அதற்காக இதை நம்பக் கூடாது.

காகிதத்தில் இருப்பதைப் படித்துச் சொல்லும் செயலிகள்

திரையில் வருவதை டாக்பேக் பார்த்துக்கொள்ளும். ரேஷன் கடை பில், மருந்துச் சீட்டு, ஆதார் அட்டை, பஸ்ஸின் பெயர்ப்பலகை இதெல்லாம் போனுக்கு வெளியே இருப்பவை. இவற்றுக்குக் கேமராவைக் கண்ணாகப் பயன்படுத்தும் செயலிகள் வேண்டும்.

கூகுள் லென்ஸ்: பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும். அச்சடித்த தமிழ் எழுத்துகளையும் அடையாளம் காணும். எழுத்தைத் தேர்ந்தெடுத்து, படித்துக் காட்டச் சொல்லலாம். கையெழுத்தில் தடுமாறும்.

லுக்அவுட்: கூகுளின் செயலி. ஆவணங்கள், பொட்டல உணவின் லேபிள், எதிரில் இருக்கும் பொருட்கள் எனத் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. நோட்டு அடையாளம் காணும் பிரிவில் இந்திய ரூபாயும் இருக்கிறது.

சீயிங் ஏஐ: மைக்ரோசாஃப்ட் 2017-ல் ஐபோனுக்கு வெளியிட்டது. 2023 டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. எழுத்து, முகம், நிறம், ரூபாய் நோட்டு எல்லாவற்றையும் சொல்லும்.

என்விஷன்: இந்தியர்களான கார்த்திக் மகாதேவன், கார்த்திக் கண்ணன் இருவரும் நெதர்லாந்தில் தொடங்கிய நிறுவனத்தின் செயலி. 2019-ல் கூகுள் பிளே விருது பெற்றது.

பீ மை ஐஸ்: இது கொஞ்சம் வேறு மாதிரி. பார்வைக் குறைபாடு கொண்ட டென்மார்க்காரர் ஹான்ஸ் யோர்கன் விபெர்க் தொடங்கி, 2015-ல் செயலியாக வந்தது. வீடியோ கால் செய்தால் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் எடுப்பார். "இந்தப் பால் பாக்கெட்டில் என்ன தேதி போட்டிருக்கு?" என்று கேட்டால் பார்த்துச் சொல்வார். 2023 முதல் படத்தைச் செயற்கை நுண்ணறிவே விவரிக்கும் வசதியும் இதில் உண்டு.

டாக்பேக்கிலும் 2024 முதல் கூகுளின் ஜெமினி மூலம் படத்தை விவரிக்கும் வசதி சேர்க்கப்பட்டிருக்கிறது. சித்தி மகள் கல்யாண போட்டோ வந்தால், யார் எங்கே நிற்கிறார்கள், என்ன நிறப் புடவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால், செயற்கை நுண்ணறிவு இல்லாததை இருப்பதாகவும் சொல்லும். கல்யாண போட்டோவில் புடவை நிறத்தைத் தப்பாகச் சொன்னால் பரவாயில்லை. மாத்திரையின் பெயரையும் அளவையும் தப்பாகச் சொன்னால் ஆபத்து. மருந்து விஷயத்தில் மருந்தாளுநரிடமோ வீட்டில் ஒருவரிடமோ கண்டிப்பாக உறுதி செய்துகொள்ள வேண்டும். அதேபோல ரோட்டைக் கடக்கவும், மலைப்பாதை ஓரத்தில் நடக்கவும் எந்தச் செயலியும் வெள்ளைக் கைத்தடிக்கு மாற்று ஆகாது.

எது நெட் இல்லாமல் ஓடும்?

• நெட் வேண்டாம்: டாக்பேக், வாய்ஸ்ஓவர், டவுன்லோடு செய்த தமிழ்க் குரல், எழுத்துப் பெரிதாக்கம், 'மணி' செயலி, முன்பே இறக்கி வைத்த கூகுள் மேப் பகுதி.
• நெட் வேண்டும்: வீடியோ காலில் உதவி கேட்பது, செயற்கை நுண்ணறிவு பட விவரிப்பு, பெரும்பாலான குரல் தட்டச்சு, கூகுள் லென்ஸின் பல வசதிகள்.

அதாவது, வந்த எஸ்எம்எஸ்-ஸைப் படிக்க, போன் பேச, கையில் உள்ள நோட்டைத் தெரிந்துகொள்ள, இந்த மூன்றுக்கும் சிக்னல் இல்லாத இடத்திலும் தடை இல்லை.

ரகசியம் ரகசியமாகவே இருக்க...

போன் சத்தமாகப் படித்தால் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்குமே? நியாயமான கேள்வி. இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, ஒரு காதில் மட்டும் இயர்போன். இரண்டு காதிலும் மாட்டினால் சுற்றி நடப்பது கேட்காது. பார்வை இல்லாதவருக்குக் காதுதான் பாதுகாப்பு. பாஸ்வேர்டு எழுத்துகளை ஸ்பீக்கரில் சொல்லாமல், ஹெட்போன் மாட்டியிருக்கும்போது மட்டும் சொல்லும்படியும் டாக்பேக்கில் அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டு, திரையை மறைப்பது. டாக்பேக் மெனுவில் 'ஹைட் ஸ்கிரீன்' என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் திரை கருப்பாகிவிடும், போன் உள்ளே வழக்கம்போல் வேலை செய்யும். ஐபோனில் மூன்று விரல்களால் மூன்று முறை தட்டினால் இதே மாதிரி 'ஸ்கிரீன் கர்டன்' விழும். பின்னால் நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. பார்வை உள்ளவர்களுக்கே கிடைக்காத ரகசியம் இது.

மூன்று, கைரேகை லாக். பின் நம்பரைத் தட்டும் வேலையே இல்லை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. 2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யுபிஐ 123பே மூலம் சாதாரண பட்டன் போனிலிருந்தே குரல் வழிகாட்டலைக் கேட்டுப் பணம் அனுப்ப முடியும்.

'ஆக்சஸிபிலிட்டி பெர்மிஷன்' கேட்டால் உஷார்

இந்த வசதிகளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. திரையில் இருப்பதை எல்லாம் படிக்கவும், பட்டன்களை இயக்கவும் டாக்பேக்குக்கு அனுமதி தேவை. அதே அனுமதியை மோசடிச் செயலிகளும் கேட்கின்றன. கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம், வங்கி கேஒய்சி என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல்களை இன்ஸ்டால் செய்தால், அடுத்து அவை கேட்கும் அனுமதிகளில் இதுவும் ஒன்று. கொடுத்துவிட்டால், ஓடிபி உட்பட திரையில் வருவதை எல்லாம் அந்தச் செயலியும் படிக்கும்.

• பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேறு எங்கிருந்தும் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.
• ஆக்சஸிபிலிட்டி பகுதியில் எந்தெந்தச் செயலிகள் ஆன் ஆகியிருக்கின்றன என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தெரியாத பெயர் இருந்தால் ஆஃப் செய்யுங்கள்.
• "உதவி செய்கிறேன்" என்று யாராவது ஸ்கிரீன் ஷேரிங் செயலி போடச் சொன்னால் காலை கட் செய்யுங்கள்.
• வீடியோ கால் தன்னார்வலரிடம் ஏடிஎம் கார்டு, பாஸ்புக், பின் நம்பர் எதையும் காட்ட வேண்டாம்.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

போன் தயார், ஆனால் செயலிகள் தயாரா?

டாக்பேக் நன்றாகப் பழகியவரும் திணறும் இடங்கள் இருக்கின்றன. ஒரு செயலியை உருவாக்கியவர் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டுவிட்டால், டாக்பேக் வெறுமனே "பட்டன்... பட்டன்..." என்றுதான் சொல்லும். எது 'அனுப்பு', எது 'ரத்து செய்' என்று தெரியாது. படத்தில் கோணலாக இருக்கும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சாவும் அப்படித்தான்.

இன்னொன்று, வங்கிக் கணக்கு தொடங்க, சிம் வாங்க செய்யும் ஆன்லைன் கேஒய்சி. "கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டுங்கள்" என்று கேட்கும். பார்வை இல்லாதவர் எந்தப் பக்கம் பார்த்துச் சிமிட்டுவார்? ஆசிட் வீச்சில் இமைகளை இழந்தவர் எப்படிச் சிமிட்டுவார்?

இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், முழுப் பார்வையிழப்பு கொண்ட ஒருவரும் தொடுத்த வழக்குகளில், நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30-ம் தேதி தீர்ப்பளித்தது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்றது நீதிமன்றம். கண் சிமிட்டுவதற்கு மாற்று வழிகள் தர வேண்டும், காகித முறை கேஒய்சி-யும் தொடர வேண்டும், செயலிகளும் இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்கின்றனவா என்று குறிப்பிட்ட இடைவெளியில் தணிக்கை செய்ய வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது.

அதனால், "கண் சிமிட்டினால்தான் கணக்கு" என்று கவுண்டரில் யாராவது சொன்னால், மாற்று வழி கேட்பது தயவு இல்லை, உரிமை.

பார்வை உள்ளவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியவை

டாக்பேக் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தால், சில சின்ன விஷயங்கள் அவருக்குப் பெரிய உதவி.

• தங்லிஷில் டைப் செய்யாதீர்கள். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழை போன் ஆங்கில வார்த்தையாக நினைத்துக் கடித்துக் குதறும். தமிழ் எழுத்தில் எழுதுங்கள். முடியவில்லை என்றால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்கள்.
• கிராம சபைக் கூட்டம், மின்தடை, மருத்துவ முகாம் நோட்டீஸை போட்டோ எடுத்துப் போட்டால், கீழே இரண்டு வரியில் தேதி, இடம், நேரத்தை டைப் செய்யுங்கள்.
• அலுவலகத்தில் பிடிஎஃப் தயாரிப்பவர்கள் யூனிகோடில் அடியுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் அறிவிப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், டாக்பேக்குக்கோ ஆங்கில எழுத்துகளின் குப்பைதான். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது.
• அவருடைய போனை வாங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

போன், பயிற்சி, புத்தகம் எங்கே கிடைக்கும்?

பார்வை மற்றும் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, தக்க செயலிகளுடன் கூடிய திறன்பேசி வழங்கும் திட்டம் தமிழ்நாடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையில் இருக்கிறது. தகுதி, விண்ணப்ப விவரங்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். ஏற்காடு வட்டத்தில் உள்ளவர்கள் சேலத்தில் உள்ள அலுவலகத்தை அணுக வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அல்லது யுடிஐடி அட்டை, ஆதார், புகைப்படம் கையில் இருக்கட்டும்.

பயிற்சிகளுக்கு, பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் செயல்படுகிறது.

படிக்கும் மாணவர்களுக்கு 'சுகம்ய புஸ்தகாலயா' என்ற ஆன்லைன் நூலகம் 2016 முதல் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் படிக்கும் வடிவத்தில் புத்தகங்களை உறுப்பினர்கள் டவுன்லோடு செய்துகொள்ளலாம். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்.

இந்த வசதிகள் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு சென்னையைச் சேர்ந்த என்.எல்.பெனோ செஃபைன் நல்ல உதாரணம். வீட்டில் மற்றவர்கள் படித்துக் காட்டுவதைக் கேட்டும், ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்தியும் படித்த அவர், 2015-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். முழுப் பார்வையிழப்பு கொண்ட ஒருவர் அந்தப் பணிக்கு வந்தது அதுவே முதல்முறை.

எல்லோரும் அதிகாரி ஆக வேண்டியதில்லை. 2023 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாத ஓய்வூதியம் ரூ.1,500 ஆனது. அந்தப் பணம் ஏறியதும் வரும் எஸ்எம்எஸ்-ஸை, யாரையும் கூப்பிடாமல், தானே கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்தால் போதும்.

இன்றே செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வைக் குறைபாடு உள்ளவர் இருந்தால், அடுத்த முறை அவர் மெசேஜைப் படித்துச் சொல்லக் கேட்கும்போது ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழ்க் குரலை டவுன்லோடு செய்து, டாக்பேக்கை ஆன் செய்து, 'மணி' செயலியைப் போட்டு, விரலை எப்படி நகர்த்துவது என்று சொல்லிக் கொடுங்கள். பிறகு போனை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பின் நம்பரை அவரையே மாற்றச் சொல்லுங்கள். புது நம்பர் உங்களுக்குத் தெரிய வேண்டாம்.